சிவப்பு நெளிகோட்டின் பின்னணி: எடிட்டர் எரர் மெசேஜை எப்படிப் படிக்கிறது?

நிரல் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு சொல்லின் கீழே சிவப்பு நெளிகோடு விழுகிறது. மவுஸை அதன்மேல் கொண்டுபோனால் என்ன தவறு என்று ஒரு வாக்கியமும் வருகிறது. எடிட்டருக்கே அந்த மொழி தெரியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் விம், ஈமாக்ஸ் போன்ற எடிட்டர்களுக்குச் சி மொழியும் தெரியாது, பைதானும் தெரியாது. சொற்களுக்கு நிறம் பூசும் அளவுக்குச் சில விதிகள் கைவசம் இருக்கும், அவ்வளவுதான். தவறைக் கண்டுபிடிப்பது வேறொரு புரோகிராம். கம்பைலர், லின்டர், சிண்டாக்ஸ் செக்கர் என்று அதற்குப் பல பெயர்கள். எடிட்டர் அதை ஓட்டுகிறது, அது வெளியிடும் எழுத்துகளை வரிவரியாக வாங்குகிறது, அவற்றிலிருந்து கோப்பின் பெயர், வரி எண், செய்தி ஆகியவற்றைப் பிரித்தெடுத்து உரிய இடத்தில் கோடு போடுகிறது.

அந்தச் சோதனைக் கருவி எடிட்டருக்காக எழுதுவதில்லை. டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறது. மனிதருக்கென்று எழுதிய வாக்கியத்தை இன்னொரு புரோகிராம் படித்துப் பொருள்கொள்ள முயல்கிறது. கோடு தப்பான இடத்தில் விழுவது, ஒரே பிழை இரண்டு தடவை வருவது, பிழை இருந்தும் கோடே வராமல் போவது ஆகிய தொல்லைகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. எடிட்டர் பிழையைப் புரிந்துகொள்வதில்லை, வரியின் உருவத்தை மட்டுமே அடையாளம் காண்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பல புதிர்கள் விடுபடும்.

ஒரே ஒரு வரி

ஜிசிசி கம்பைலர் தரும் ஒரு வரியை முழுக்கத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினால் இப்படி இருக்கும்:

கணக்கு.சி:12:7: பிழை: 'தொகை' அறிவிக்கப்படவில்லை

கோப்பின் பெயர், முக்காற்புள்ளி, வரி எண், முக்காற்புள்ளி, நெடுவரிசை எண், மறுபடி முக்காற்புள்ளி, பிறகு செய்தி. குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் நிரலாக்க நெறிகள் இந்த வடிவத்தைப் பரிந்துரைக்கின்றன. அதனால் ஏராளமான கருவிகள் இதைப் பின்பற்றுகின்றன. இதைப் பிரிக்க ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் வடிவத்தை விவரிக்கும் பேட்டர்ன்) போதும்: முதல் முக்காற்புள்ளி வரை கோப்பின் பெயர், அடுத்த முக்காற்புள்ளி வரை இலக்கங்கள், அதற்கடுத்தும் இலக்கங்கள், மிச்சமெல்லாம் செய்தி.

கேட்க எளிதாக இருக்கிறது. விண்டோஸில் இதே கருவியை ஓட்டினால் கோப்பின் பெயருக்கு முன்னால் டிரைவ் எழுத்தும் அதற்கொரு முக்காற்புள்ளியும் வந்து நிற்கும். "முதல் முக்காற்புள்ளி வரை" என்ற விதி அங்கே உடைகிறது. டிரைவ் எழுத்து மட்டுமே கோப்பின் பெயராகிவிடும். விம் இதற்கென்று விண்டோஸில் தனிச் சலுகை வைத்திருக்கிறது. தொடக்கத்தில் வரும் டிரைவ் எழுத்தையும் அதன் முக்காற்புள்ளியையும் பெயரோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளும்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. கோப்புகளைச் சேர்த்து நிரலை உருவாக்கும் பில்ட் கருவி ஒன்று "10:30:45 வேலை தொடங்கியது" என்று நேரத்தை அச்சிட்டால், நம் விதிப்படி அது 10 என்ற கோப்பின் 30-வது வரியில் இருக்கும் பிழை! ஈமாக்ஸின் குனு பேட்டர்ன், கோப்பின் பெயரில் இலக்கம் அல்லாத எழுத்து ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கேட்பது இப்படிப்பட்ட வரிகளைத் தள்ளிவிட உதவுகிறது. அந்த பேட்டர்னைத் திறந்து பார்த்தால் பல ஆண்டுகளாக யார் யாரோ தடுக்கி விழுந்த இடங்களின் தழும்புகள் தெரியும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் ஒவ்வொரு கோணலுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

குனு வடிவத்தை ஏற்காதவர்களும் பலர். மைக்ரோசாஃப்டின் சி கம்பைலர் வரி எண்ணை அடைப்புக்குறிக்குள் போடும், அடுத்து பிழைக்கான குறியெண்ணைத் தரும். பெர்ல் செய்தியை முதலில் சொல்லிவிட்டு, எந்தக் கோப்பு, எந்த வரி என்பதைப் பின்னால் சொல்லும். டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரிடம் இரண்டு வடிவமும் உண்டு. வெளியீடு நேராக டெர்மினலுக்குப் போனால் முக்காற்புள்ளி, நிறம், நிரலின் பகுதி எல்லாவற்றோடும் அழகாக எழுதும். பைப் வழியாக இன்னொரு புரோகிராமுக்குப் போனால் அடைப்புக்குறி வடிவத்துக்கு மாறிவிடும். டெர்மினலில் கண்ணால் பார்த்ததை வைத்து பேட்டர்ன் எழுதுபவருக்கு, எடிட்டருக்குள் அது ஏன் பொருந்தவில்லை என்று விளங்காது. எடிட்டரின் கைக்கு வந்த எழுத்துகள் வேறு.

நிறம் என்றதும் இன்னொன்று. சிவப்பு நிறத்தில் காட்டு என்பதற்கான கட்டளையும் எழுத்துகளாகத்தான் வருகிறது: கண்ணுக்குத் தெரியாத எஸ்கேப் எழுத்து, சதுர அடைப்பு, 31, பிறகு ஓர் எழுத்து. நல்ல கருவி, வெளியீடு டெர்மினலுக்குப் போகவில்லை என்று தெரிந்தால் நிறத்தை நிறுத்திவிடும். "எப்போதும் நிறம்" என்று யாராவது அமைப்புக் கோப்பில் எழுதியிருந்தால் கோப்பின் பெயருக்கு முன்னால் இந்த மறைந்த எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு பெயரில் வட்டில் எந்தக் கோப்பும் இருக்காது.

பழைய கதை கொஞ்சம்

பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978-ல் எழுதிய லின்ட் என்ற கருவியின் பெயரைத்தான் இன்றைய லின்டர்கள் எல்லாம் சுமக்கின்றன. அதன் காலத்துக்குச் சற்றுப் பின், 4.0 பிஎஸ்டி யூனிக்ஸில் எரர் என்றே ஒரு கட்டளை வந்தது. கம்பைலரின் வெளியீட்டை அதற்குக் கொடுத்தால், ஒவ்வொரு பிழையையும் உரிய மூலக் கோப்புக்குள்ளேயே, உரிய வரிக்குப் பக்கத்தில், ### என்ற அடையாளத்தோடு கமென்டாகச் செருகிவிடும். இன்றைக்கு எடிட்டர்கள் வரிக்குப் பக்கத்திலேயே செய்தியை மிதக்கவிடுகிற வசதிக்கு நேரான மூதாதை அது. எத்தனையோ கம்பைலர்களின் வடிவங்களை அடையாளம் காணும் வேலையை அன்றே அது செய்தது.

விம்மில் இருக்கும் குவிக்ஃபிக்ஸ் வசதிக்கு அமிகா கணினியில் இருந்த மேங்க்ஸ் நிறுவனத்தின் ஆஸ்டெக் சி கம்பைலர்தான் தூண்டுதல் என்று விம்மின் உதவிப் பக்கமே சொல்கிறது. கம்பைலர் சொன்ன பிழைகளைப் பட்டியலாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தாவிப் போவதுதான் அதன் சாரம். ஈமாக்ஸிலும் கம்பைல் என்ற கட்டளை இதையே செய்கிறது.

வடிவத்தைச் சொல்ல விம் கையாளும் எரர்ஃபார்மேட் என்ற வழி, உள்ளீட்டைப் பிரித்துப் படிக்கும் சி மொழியின் ஸ்கேன்எஃப் போன்றது. சதவீதக் குறிக்குப் பின் எஃப் வந்தால் கோப்பு, எல் வந்தால் வரி, சி வந்தால் நெடுவரிசை, எம் வந்தால் செய்தி. இப்படிப் பல பேட்டர்ன்களைக் காற்புள்ளி போட்டு அடுக்கினால், வரும் ஒவ்வொரு வரியையும் மேலிருந்து கீழாகப் பொருத்திப் பார்த்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். அதனால் வரிசைமுறை முக்கியம். எல்லாவற்றுக்கும் பொருந்தக்கூடிய தளர்வான பேட்டர்னை முதலில் வைத்தால் அடுத்து இருப்பவற்றுக்கு வாய்ப்பே வராது.

பல வரிகளில் பரவும் பிழை

சிக்கல் கனப்பது இங்கேதான். பைதானின் தொடரியல் பிழையைப் பாருங்கள், இதுவும் தமிழாக்கிக் காட்டியது:

கோப்பு "கணக்கு.பை", வரி 3
    அச்சிடு(தொகை
           ^
தொடரியல் பிழை: '(' மூடப்படவே இல்லை

ஒரு பிழை, நான்கு வரி. இடம் முதல் வரியில், செய்தி கடைசி வரியில், நெடுவரிசை எண் எங்குமே இல்லை. கூரைக்குறி (^) எத்தனை இடைவெளி தள்ளி நிற்கிறது என்பதிலிருந்துதான் அதை ஊகிக்க வேண்டும். எனவே எடிட்டர் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பார்த்தால் போதாது, நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். "இது புதுப் பிழையின் தொடக்கம்", "இது தொடர்ச்சி", "இதோடு முடிந்தது" என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிலை. விம்மில் இந்த மூன்று நிலைக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. கூரைக்குறி வரியின் நீளத்தை அளந்து நெடுவரிசை எண்ணாக மாற்றவும் ஒரு குறியீடு இருக்கிறது.

அந்த அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. பைதான் மூல வரியை அப்படியே அச்சிடுவதில்லை. வரியின் தொடக்கத்தில் இருந்த இடைவெளியை நீக்கிவிட்டு, தன் பங்குக்கு நான்கு இடைவெளி சேர்க்கிறது. கோப்பில் அந்த வரி 12 இடம் உள்தள்ளி இருந்தாலும் திரையில் நான்குதான். கூரைக்குறியை எண்ணி இடத்தைக் குறித்தால் கோடு எட்டு இடம் இடப்பக்கம் தள்ளி விழும். சரியாகச் செய்ய வேண்டுமென்றால் மூலக் கோப்பைத் திறந்து, அந்த வரியின் உண்மையான உள்தள்ளலைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

லாடெக் என்ற ஆவண அச்சமைப்புக் கருவியின் பதிவுக் கோப்போடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதெல்லாம் சாதாரணம் என்று தோன்றும். அங்கே பிழைச் செய்தி ஆச்சரியக்குறியில் தொடங்கும், வரி எண் சில வரிகள் கழித்து வரும், கோப்பின் பெயர் பக்கத்தில் எங்கும் இருக்காது. ஒரு கோப்பைத் திறக்கும்போது இடது அடைப்புக்குறி போட்டுப் பெயரை எழுதும், மூடும்போது வலது அடைப்புக்குறி போடும். பிழை எந்தக் கோப்பில் என்று அறிய, தொடக்கத்திலிருந்து அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஏதாவது எச்சரிக்கையின் வாசகத்தில் ஒற்றை அடைப்புக்குறி வந்தால் கணக்கு முழுவதும் பிசகிவிடும். போதாக்குறைக்கு, வழக்கமான அமைப்பில் 79 எழுத்துக்கு மேல் போகும் வரியை, லாடெக்குக்கு அடியில் ஓடும் டெக் முறித்துவிடும். நீளமான கோப்புப் பெயர் இரண்டு துண்டாக வந்து சேரும். கோப்பு, வரி, செய்தி என்று குனு வடிவத்தில் எழுதச் சொல்லும் தேர்வு (ஆப்ஷன்) ஒன்று பிற்பாடு வந்தது. அதை எப்போதும் போட்டு வைப்பதே நல்லது.

கோப்பு எந்த அடைவில் (ஃபோல்டரில்) இருக்கிறது என்பதும் இதே மாதிரியான நினைவாற்றல் கேட்கும் விஷயம். மேக் என்ற பில்ட் கருவி துணை அடைவுக்குள் போய் கம்பைலரை ஓட்டும்போது, கம்பைலர் வெறும் "கணக்கு.சி" என்று மட்டும் சொல்லும். எந்த அடைவு என்பது, "இந்த அடைவுக்குள் நுழைகிறேன்" என்று மேக் தனியாக அச்சிடும் வரியில்தான் இருக்கும். விம் அந்த ஆங்கில வாக்கியத்தையே தன் பேட்டர்னில் எழுதி வைத்திருக்கிறது. கணினியின் மொழி வேறாக இருந்தால் மேக் அந்த வாக்கியத்தை மொழிபெயர்த்துவிடும், பேட்டர்ன் பொருந்தாது. சோதனைக் கருவியை ஓட்டும்போது மட்டும் எல்சி ஆல் என்ற சூழல் மாறியைச் சி என்று வைத்து, மொழிபெயர்க்காத செய்தியைக் கேட்டு வாங்குவது இதனால்தான். மேற்கோள் குறி விஷயமும் உண்டு. பழைய மேக் அடைவின் பெயருக்கு முன்னால் பின்சாய்ந்த மேற்கோளைப் போட்டது, புதியது நேர் மேற்கோளைப் போடுகிறது. விம்மின் பேட்டர்ன் இரண்டையும் ஏற்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. ஒரே ஓர் எழுத்து மாறினால் எடிட்டருக்கு வழி தெரியாமல் போகும்.

எத்தனையாவது எழுத்து?

வரி எண்ணில் பெரிய சண்டை இல்லை. நெடுவரிசை எண் அப்படியல்ல. எதை ஒன்று என்று எண்ணுவது என்பதிலேயே கருவிகளிடம் ஒற்றுமை கிடையாது.

முதலில் டேப். குனு நெறிகள் எட்டு இடத்துக்கு ஒரு டேப் நிறுத்தம் என்று வைத்து எண்ணச் சொல்கின்றன. வேறு கருவிகள் டேபை ஒரே எழுத்தாக எண்ணும். ஷெல்செக் என்ற ஷெல் நிரல் சோதனைக் கருவியில் இந்த வேறுபாட்டுக்காகவே இரண்டு ஜேசன் வடிவங்கள் (ஜேசன் என்பது புரோகிராம்கள் எளிதில் படிக்கும் தரவு வடிவம்) இருக்கின்றன: பழையது டேபை எட்டு இடமாக எண்ணுகிறது, ஜேசன்1 என்ற புதியது ஒரே எழுத்தாக எண்ணுகிறது. பழையதைத் திருத்தினால் அதை நம்பியிருக்கும் எடிட்டர்கள் உடையும் என்பதால் பக்கத்திலேயே புதியதைச் சேர்த்தார்கள். மிகச் சரியான முடிவு.

அடுத்து யூனிகோடு. ஒரு வரியில் "தமிழ்" என்ற சொல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடில் அதற்கு 5 குறியெண்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. யூடிஎஃப்-16 முறையில் 5 அலகு. கண்ணுக்குத் தெரிவதோ 3 எழுத்து. அந்தச் சொல்லுக்கு அடுத்து ஒரு பிழை இருந்து, கருவி பைட் கணக்கில் இடம் சொல்லி, எடிட்டர் அதைக் குறியெண் கணக்கு என்று எடுத்துக்கொண்டால் கோடு 10 இடம் வலப்பக்கம் தள்ளி விழும். அதே வரியில் ஒரு எமோஜியைப் போட்டால் அது 4 பைட், ஆனால் யூடிஎஃப்-16-ல் 2 அலகு, குறியெண் ஒன்றே ஒன்று. ஆங்கில எழுத்து மட்டுமே வரும் நிரலில் இந்த எண்கள் எல்லாம் ஒன்றாக இருப்பதால், தவறு பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருக்கும். சரங்களிலும் கமென்டுகளிலும் தமிழ் எழுதுகிறவர்கள் கண்ணில்தான் அது முதலில் படும்.

ஜிசிசி நீண்ட காலம் பைட்டை எண்ணியது. 2021-ல் வந்த 11-வது பதிப்பிலிருந்து திரையில் பிடிக்கும் அகலத்தை எண்ணுகிறது. பழைய முறை வேண்டுமென்றால் தேர்வு கொடுத்துக் கேட்கலாம். முதல் எழுத்தின் எண் 0-வா 1-ஆ என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. இத்தனையும் சேரும்போது நெடுவரிசை எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் எடிட்டர் செருகியைவிட (பிளகின்), சந்தேகம் வந்தால் முழு வரியையும் அடிக்கோடிடும் செருகியே எனக்கு நேர்மையாகப் படுகிறது.

ஒன்றுமே வராதபோது

தப்பான இடத்தில் விழுந்த கோட்டைக் கண்டு நாம் சுதாரித்துக்கொள்ளலாம். விழவேண்டிய கோடு விழாமல் போனால் எப்படித் தெரியும்? கருவி நிறுவப்படாமல் இருக்கலாம், அமைப்புக் கோப்பில் தவறு இருந்து பாதியில் நின்றிருக்கலாம், புதிய பதிப்பில் செய்தியின் வடிவம் மாறியிருக்கலாம். மூன்றிலும் எடிட்டருக்குப் பொருந்திய வரி பூஜ்யம். பூஜ்யம் பிழை என்று அது காட்டினால், சோதிக்கவே படாத நிரல் சுத்தமான நிரலாகத் தோன்றும். இந்தத் துறையில் இதைவிட மோசமான பழுது இல்லை என்பது என் உறுதியான கருத்து.

தீர்வு கருவியின் முடிவுக் குறியெண்ணில், அதாவது ஓடி முடிந்ததும் அது திருப்பித் தரும் எண்ணில், இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் லின்டரான ஈஎஸ்லின்ட், பிழை இல்லையென்றால் 0, நிரலில் பிழை இருந்தால் 1, தனக்கே கோளாறு என்றால் 2 என்று திருப்பித் தருகிறது. ஈமாக்ஸின் ஃப்ளைசெக் செருகி, கருவி 0 அல்லாத எண்ணைத் தந்தும் ஒரு பிழைகூடப் பொருந்தவில்லை என்றால் சந்தேகத்துக்குரியது என்று எச்சரிக்கும். விம்மின் குவிக்ஃபிக்ஸ் வேறு வழியில் உதவுகிறது. எந்த பேட்டர்னுக்கும் பொருந்தாத வரியைக்கூடத் தூக்கியெறியாமல் பட்டியலில் அப்படியே வைக்கிறது, தாவிப் போகத்தான் முடியாது. குப்பை வரிகள் கண்ணை உறுத்துகின்றன என்று அவற்றை மறைக்கும் பேட்டர்னைச் சேர்ப்பவர்கள், அதோடு தடயத்தையும் மறைக்கிறார்கள்.

வெளியீடு வந்து சேரும் விதத்திலும் சில நுட்பங்கள் உண்டு. பைப்பிலிருந்து எழுத்துகள் வரிக் கணக்கில் வருவதில்லை, துண்டுகளாக வருகின்றன. ஒரு துண்டு "கணக்கு.சி:1" என்று முடிந்து அடுத்தது "2:7: பிழை" என்று தொடங்கலாம். வரி முடிவுக் குறி வரும்வரை மிச்சத்தைக் கையில் வைத்திருக்காத செருகி, 12-வது வரியின் பிழையைத் தொலைத்துவிடும். சேமிக்காத கோப்பைச் சோதிக்க அதன் உள்ளடக்கத்தை நேரடியாகக் கருவியின் உள்ளீட்டுக்கு அனுப்பினால், கோப்பின் பெயர் தெரியாமல் கருவி அதற்கொரு பொதுப்பெயர் சொல்லும். எடிட்டர் அதை உரிய பெயருக்கு மாற்ற வேண்டும். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் மேலே இரண்டு வரி சேர்த்துவிட்டால், வந்து சேரும் எண்கள் பழைய உரைக்கானவை.

இதற்கெல்லாம் மாற்றாகத்தான், மனிதர் படிக்கும் வாக்கியத்தை விட்டுவிட்டு, இயந்திரத்துக்கென்றே தனி வெளியீடு தரும் வழக்கம் வந்தது. ஜிசிசி 2019-ல் 9-வது பதிப்பில் ஜேசன் வடிவத்தையும், 2023-ல் 13-வது பதிப்பில் சாரிஃப் என்ற பொது வடிவத்தையும் சேர்த்தது. ரஸ்ட் கம்பைலரும் ஜேசன் தரும். மைக்ரோசாஃப்ட் 2016-ல் அறிவித்த எல்எஸ்பி நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே கருவி ஒரு சர்வராக எடிட்டருடன் தொடர்ந்து பேசுகிறது. ஒவ்வொரு பிழைக்கும் தொடக்கம், முடிவு, தீவிரம், குறியெண் எல்லாம் தனித்தனிப் புலங்களில் வருகின்றன. எந்தப் பதிப்பு உரைக்கான பிழை என்றும் சேர்த்துச் சொல்லலாம். எண்ணும் அலகு யூடிஎஃப்-16 என்று அது நிர்ணயித்தது பலருக்குப் பிடிக்கவில்லை. 2022-ன் 3.17 பதிப்பிலிருந்து இரு தரப்பும் பேசி வேறு அலகைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஆனாலும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் போய்விடவில்லை. விஎஸ் கோட் எடிட்டரின் பிராப்ளம் மேட்சர்கள் இன்றும் அவற்றால்தான் ஆனவை. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸும் அதே முறையைக் கையாள்கிறது. ஈஎஃப்எம்-லாங்சர்வர் என்று ஒரு சர்வர் இருக்கிறது. எந்த லின்டரையும் ஓட்டி, அதன் வாக்கியங்களை விம்மின் பழைய எரர்ஃபார்மேட் குறியீட்டாலேயே பிரித்து, எல்எஸ்பி செய்தியாக மாற்றி அனுப்பும். புதிய நெறிமுறைக்கு அடியில் பழைய வேலை அப்படியே நடக்கிறது.

சொந்தமாகச் சோதனைக் கருவி எழுதுகிறவர்கள் எடிட்டர்களுக்குப் பெரிய உதவி செய்யலாம். ஒரு பிழைக்கு ஒரு வரி என்ற குனு வடிவத்தைத் தேர்வாகவாவது கொடுங்கள். நெடுவரிசை எண் எந்த அலகில் என்பதை ஆவணத்தில் எழுதுங்கள். நிரலில் பிழை, கருவியில் கோளாறு இரண்டுக்கும் வெவ்வேறு முடிவுக் குறியெண் தாருங்கள். பேட்டர்ன் எழுதும் பக்கம் இருப்பவர்கள், டெர்மினலில் பார்த்ததை நகலெடுக்காமல், வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பி அதை வைத்துச் சோதியுங்கள். விம்மில் சிகெட்ஃபைல் கட்டளை அப்படிச் சேமித்த கோப்பை நேராகப் பட்டியலாக்கித் தரும், கருவியை மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. தமிழ்ச் சரம் உள்ள ஒரு வரி, டேப் உள்ள ஒரு வரி, பெயரில் இடைவெளி உள்ள ஒரு கோப்பு ஆகிய மூன்றும் அந்த மாதிரியில் இருக்கட்டும். கருவியின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் மாதிரியைப் புதிதாக எடுத்து, பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.